சாதனையை முறியடித்த பிறகும் எடி ராபின்சனைப் பற்றி ஏன் பேசுகிறார்கள்?

கேள்வி இதுதான்: "அமெரிக்காவில் எடி ராபின்சன் என்ற கல்லூரிக் கால்பந்து கோச் 408 ஆட்டங்களில் ஜெயித்தார் என்று படித்தேன். அந்த எண்ணிக்கையைப் பிறகு வேறு இருவர் தாண்டிவிட்டார்கள். அவருடைய கிராம்ப்ளிங் அணியும் இன்று பெரிய அணிகளின் வரிசையில் இல்லை. அப்புறம் ஏன் அவரை இவ்வளவு பெரிதாகப் பேசுகிறார்கள்?"

நல்ல கேள்வி. என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். தொழில்முறை அணிகளும் வெள்ளையர் பல்கலைக்கழகங்களும் கறுப்பினப் பிள்ளைகளுக்கு இடமே தராத காலத்தில், அந்த இடங்களுக்கு வேண்டிய ஆட்களைத் தயார் செய்து வைத்தவர் ராபின்சன். இடம் கிடைக்கத் தொடங்கியதும், அவரிடம் வந்திருக்க வேண்டிய பிள்ளைகள் வேறு பக்கம் போனார்கள். அவர் பெரியவரானதற்கும் அவர் அணி தேய்ந்ததற்கும் காரணம் ஒன்றேதான். இதை விளக்கக் கொஞ்சம் பின்னால் போக வேண்டும்.

அதற்கு முன் ஆட்டத்தைப் பற்றி இரண்டு வரி. இது நாம் காலால் உதைத்து ஆடும் கால்பந்து இல்லை. ஹெல்மெட் மாட்டிக்கொண்டு, நீள்வட்டப் பந்தைக் கையில் ஏந்தி ஓடியும் எறிந்தும் ஆடும் அமெரிக்க ஆட்டம். அங்கே கல்லூரி ஆட்டங்களுக்கே லட்சம் பேர் உட்காரும் அரங்கங்கள் இருக்கின்றன. இந்த ஆட்டத்தில் குவார்ட்டர்பேக் என்று ஓர் இடம் உண்டு. பந்தை வாங்கியதும் எதிரணி எப்படி நிற்கிறது, எப்படி நகர்கிறது என்று இரண்டு மூன்று நொடிகளில் கணித்து, யாருக்கு எறிவது என்று முடிவெடுப்பவர் அவர்தான். கறுப்பின இளைஞர்களுக்கு வேகமும் பலமும் உண்டு, ஆனால் இந்த இடத்துக்கான அறிவும் தலைமையும் வராது என்று தொழில்முறை அணிகள் பல பத்தாண்டுகள் நம்பின. கல்லூரியில் குவார்ட்டர்பேக்காக ஆடிய கறுப்பின வீரர்களை எடுத்தாலும், இடத்தை மாற்றி ஓடிப் பந்து பிடிக்கும் வேலைக்கோ தடுப்பு வரிசைக்கோ அனுப்பிவிடுவார்கள். இந்த அவமதிப்பைப் புரிந்துகொண்டால்தான் ராபின்சன் செய்தது புரியும்.

அவர் 1919 பிப்ரவரி 13 அன்று லூசியானா மாநிலத்தில் ஜாக்சன் என்ற சிற்றூரில் பிறந்தார். அப்பா குத்தகை விவசாயி, அம்மா வீட்டு வேலை செய்பவர். வளர்ந்தது பாட்டன் ரூஜ் நகரத்தில். சின்ன வகுப்பில் படிக்கும்போதே ஒரு பள்ளி கோச் தன் வீரர்களை நடத்திய விதத்தைப் பார்த்து, தானும் கோச் ஆக வேண்டும் என்று முடிவு செய்துவிட்டார். லீலண்ட் என்ற சிறு கறுப்பினக் கல்லூரியில் படித்து முடித்தபோது கோச் வேலை எதுவும் கிடைக்கவில்லை. தீவன ஆலையில் மணிக்கு 25 சென்ட் கூலிக்கு வேலை பார்த்தார். 1941இல், லூசியானாவின் வடக்கே பைன் மரக் காடுகளுக்கு நடுவே கிராம்ப்ளிங் என்ற ஊரில் இருந்த கறுப்பினக் கல்லூரிக்கு கோச் தேவை என்று கேள்விப்பட்டுப் போனார். கல்லூரித் தலைவர் ரால்ஃப் வால்டோ எமர்சன் ஜோன்ஸ் அவரை வேலைக்கு எடுத்தார். மாதச் சம்பளம் 63 டாலர் 75 சென்ட். வயது 22.

கல்லூரியின் அன்றைய பெயர் 'லூசியானா நீக்ரோ நார்மல் அண்ட் இண்டஸ்ட்ரியல் இன்ஸ்டிட்யூட்'. இவ்வளவு நீளப் பெயரைச் சொல்லி நம் பிள்ளைகள் உற்சாகக் குரல் கொடுத்து முடிப்பதற்குள் எதிரணி பந்தைக் கோட்டுக்கு அப்பால் கொண்டுபோய்விடுகிறது, அதனால்தான் 1946இல் கிராம்ப்ளிங் கல்லூரி என்று பெயரைச் சுருக்கினோம் என்று அங்கே ஒரு கதை சொல்வார்கள். ஜோன்ஸும் தனி ரகம். கல்லூரித் தலைவராக இருந்துகொண்டே பேஸ்பால் அணிக்குக் கோச்சாகவும் இருந்தவர்.

ராபின்சனுக்கு உதவி கோச் கிடையாது. புல் வெட்டுவது, மைதானத்தில் சுண்ணாம்புக் கோடு போடுவது, காயம்பட்ட கணுக்காலுக்குக் கட்டுப் போடுவது எல்லாம் அவரே. ஆட்டம் முடிந்ததும் செய்தி எழுதிப் பத்திரிகைகளுக்கு அனுப்பினார். வெளியூர் ஆட்டம் என்றால் சாண்ட்விச் கட்டி எடுத்துக்கொண்டு போவார்கள். தெற்கு மாநிலங்களில் வழியிலிருந்த உணவகங்கள் கறுப்பினப் பிள்ளைகளை உள்ளே விடாது. முதல் வருடம் 3 வெற்றி, 5 தோல்வி. அடுத்த வருடம், 1942இல், 9 ஆட்டம் ஆடி ஒன்பதிலும் வெற்றி. எதிரணிகள் சேர்ந்து எடுத்த புள்ளிகள் சுழியம்.

எனக்கு மிகவும் பிடித்த சம்பவம் அந்த ஆரம்ப நாள்களில் நடந்தது. முக்கியமான ஆட்டம் நெருங்கும் நேரத்தில், அணியின் நல்ல ஆட்டக்காரர்களான இரண்டு சகோதரர்களை அவர்களுடைய அப்பா வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். பருத்தி எடுக்க ஆள் வேண்டும். விளைந்ததை வயலிலேயே விட்டுவிட்டுப் பந்து விளையாட முடியாது. ராபின்சனும் குத்தகை விவசாயி மகன்தான், அவருக்கு அது தெரியும். அதனால் அந்த அப்பாவிடம் வாதாடவில்லை. மொத்த அணியையும் ஏற்றிக்கொண்டு அந்த வயலுக்குப் போனார். எல்லோருமாகப் பருத்தி எடுத்து முடித்து, இரண்டு பையன்களையும் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னாளில் அவர் செய்த எல்லாவற்றுக்கும் இந்த ஒரு சம்பவம் மாதிரி. தன் கையில் இல்லாத சட்டதிட்டத்தோடு முட்டிக்கொண்டு நிற்பதைவிட, அதற்குள் தன் பிள்ளைக்கு ஒரு வழி கண்டுபிடிப்பதுதான் அவர் பாணி. இந்தப் பாணியின் மேல் விமரிசனமும் உண்டு, பிறகு வருகிறேன்.

இன்னொன்று அவருடைய மாட்டுமணி. விடுதி அறைகளின் வழியே காலையில் மணியை ஆட்டிக்கொண்டே நடப்பார். வகுப்புக்குப் போ, ஞாயிற்றுக்கிழமை என்றால் தேவாலயத்துக்குப் போ. வெளியூர்ப் பயணத்தில் கோட்டும் டையும் கட்டாயம். மேசையில் முள்கரண்டியை எப்படிப் பிடிப்பது, பேட்டி எடுப்பவரிடம் எப்படிப் பேசுவது என்றுகூடச் சொல்லித் தந்தார். இன்று கேட்டால் இது கெடுபிடியாகத் தோன்றலாம். ஆனால் அந்தப் பிள்ளைகள் போகப்போகும் இடத்தில் ஒரு சின்னப் பிழையை வைத்து ஓர் இனத்தையே எடைபோடுவார்கள் என்று அவருக்குத் தெரியும்.

1949இல் அது நேரடியாகவே வந்தது. பால் 'டேங்க்' யங்கர் என்ற அவருடைய மாணவரை லாஸ் ஏஞ்சலஸ் ராம்ஸ் அணி ஒப்பந்தம் செய்தது. கறுப்பினக் கல்லூரி ஒன்றிலிருந்து என்எஃப்எல் என்ற பெரிய தொழில்முறை லீகுக்குப் போன முதல் ஆள் அவர்தான். நீ சோபிக்காவிட்டால் நம்மைப் போன்ற கல்லூரியிலிருந்து அடுத்தவன் எப்போது போவான் என்று சொல்ல முடியாது என்று சொல்லித்தான் ராபின்சன் அவரை அனுப்பினார். ஓர் இளைஞனின் தோளில் வைக்கக்கூடாத பாரம் அது. யங்கர் அதைச் சுமந்தார். அதன் பிறகு வரிசையாகப் போனார்கள். தொழில்முறை அணிகள் கல்லூரி வீரர்களை முறைவைத்து, சுற்றுச் சுற்றாகத் தேர்ந்தெடுப்பதற்கு டிராஃப்ட் என்று பெயர். 1963இல் என்எஃப்எல்லுக்குப் போட்டியாக இருந்த ஏஎஃப்எல் லீகின் டிராஃப்டில் முதல் தேர்வே கிராம்ப்ளிங்கின் பக் புக்கானன். சூப்பர் பவுல் என்ற இறுதிப் போட்டியின் முதல் இரண்டு ஆட்டங்களையும் வென்ற கிரீன் பே பேக்கர்ஸ் அணியின் வில்லி டேவிஸ் இவர் மாணவர். வில்லி பிரௌன், சார்லி ஜாய்னர் எல்லோரும் இவரிடம் படித்தவர்கள். இந்த நால்வரும் பின்னால் தொழில்முறைக் கால்பந்தின் புகழ்மண்டபத்தில் இடம்பெற்றார்கள். மொத்தமாக 200 பேருக்கு மேல் இந்தச் சிற்றூர்க் கல்லூரியிலிருந்து தொழில்முறை ஆட்டத்துக்குப் போயிருக்கிறார்கள்.

அப்படிப் போனவர்களில் குவார்ட்டர்பேக்காக நிலைத்தவர் மட்டும் யாரும் இல்லை. ராபின்சன் அதைத் திட்டம் போட்டே மாற்றினார். ஜேம்ஸ் ஹாரிஸ் என்ற பையனைச் சேர்க்கும்போதே, நீ படிப்பை முடிக்கும் வருடத்தில் தொழில்முறை அணிகள் ஒரு கறுப்பினக் குவார்ட்டர்பேக்குக்குத் தயாராகியிருக்கும் என்று நம்பிக்கை கொடுத்தார். நான்கு வருடம் அதற்காகவே பயிற்சி. யார் கேட்டாலும் இடத்தை மாற்றிக்கொள்ளச் சம்மதிக்காதே என்பது அவர் கொடுத்த கட்டளை. 1969 டிராஃப்டில் ஹாரிஸின் பெயர் எட்டாவது சுற்றில்தான் வந்தது. அவருடைய திறமைக்கு அது மிகத் தாமதம். எரிச்சலில் ஆட்டத்தையே விட்டுவிட நினைத்தார். ராபின்சன் பேசித்தான் பஃபலோ அணிக்குப் போனார். அந்த செப்டம்பரிலேயே, சீசனின் தொடக்க ஆட்டத்தில் குவார்ட்டர்பேக்காக இறங்கிய முதல் கறுப்பின வீரர் ஆனார். 1974இல் ராம்ஸ் அணியை பிளேஆஃப் என்ற நாக்-அவுட் சுற்றில் ஒரு வெற்றிக்கும் கொண்டுபோனார்.

ஹாரிஸுக்கு அடுத்து டக் வில்லியம்ஸ். 1978 டிராஃப்டுக்கு முன்னால் தாம்பா பே அணியின் உதவி கோச் ஜோ கிப்ஸ் லூசியானாவுக்கே வந்து இவரோடு உட்கார்ந்து பேசிப் பார்த்துவிட்டுப் போனார். முதல் சுற்றில், 17வது ஆளாக எடுத்தார்கள். அங்கே சம்பளத் தகராறு, அப்புறம் வேறொரு லீக், கடைசியில் அதே கிப்ஸ் தலைமை கோச்சாக இருந்த வாஷிங்டன் அணி. 1988 ஜனவரி 31, சான் டியேகோ, டென்வருக்கு எதிராக சூப்பர் பவுல். அந்த மேடையில் ஒரு கறுப்பினக் குவார்ட்டர்பேக் தொடக்க ஆளாக இறங்குவது அதுவே முதல் தடவை. முந்தைய நாள் பல்லில் வேர் சிகிச்சை. முதல் கால்பகுதியில் 10-0 என்று பின்தங்கியிருக்கும்போது முழங்கால் முறுக்கிக் கீழே விழுந்தார். இரண்டு முயற்சிகளுக்கு மாற்று ஆள் வந்தார். இரண்டாவது கால்பகுதியில் வில்லியம்ஸ் திரும்பி வந்து, அந்த ஒரே கால்பகுதியில் நான்கு டச்டவுன் (பந்தை எதிரணியின் கோட்டுக்கு அப்பால் சேர்ப்பது) எறிந்தார். அணி 35 புள்ளி எடுத்தது. முடிவு 42-10. ஆட்டநாயகன் விருது அவருக்கே. ராபின்சன் அன்று அரங்கத்தில் இருந்தார். ஆட்டம் முடிந்து வந்த மாணவரைக் கட்டிக்கொண்டார். கறுப்பின வீரர் ஜோ லூயிஸ் குத்துச்சண்டையில் ஜெயித்த இரவைத் தன் இளமையில் அனுபவித்தவர் அவர். இதை அதோடு ஒப்பிட்டுச் சொன்னார். ஒரு கோச்சுக்கு இதைவிடப் பெரிய நாள் இருக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை.

இதற்கெல்லாம் நடுவில் கல்லூரியின் பெயர் உலகமெல்லாம் போனது. அதில் காலி நிக்கல்சனுக்குப் பெரிய பங்கு உண்டு. கல்லூரியின் விளையாட்டுச் செய்தித் தொடர்பாளர், முன்னாள் மரைன் படைவீரர். நாடு முழுக்க இருந்த கறுப்பினப் பத்திரிகைகளுக்குக் கிராம்ப்ளிங் செய்தியை ஓயாமல் அனுப்பியவர். 1968இல் நியூயார்க் யாங்கி ஸ்டேடியத்தில் மார்கன் ஸ்டேட் என்ற இன்னொரு கறுப்பினக் கல்லூரியுடன் ஆட்டம். 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். 1976இல் டோக்கியோவில் ஆட்டம். சதர்ன் பல்கலைக்கழகத்துடன் 1974இல் நியூ ஆர்லியன்ஸில் தொடங்கிய 'பையூ கிளாசிக்' இன்று ஆட்டத்தைத் தாண்டி ஒரு குடும்பத் திருவிழா.

வெற்றிக் கணக்கைச் சீக்கிரம் முடித்துவிடுகிறேன். 1985 அக்டோபரில் டல்லஸில் பிரெய்ரி வியூவை 27-7 என்று வென்றது ராபின்சனின் 324வது வெற்றி; அலபாமா பல்கலைக்கழகத்தின் கோச் 'பேர்' பிரையன்ட் வைத்திருந்த 323ஐத் தாண்டினார். 1995இல் 400. முடிவில் 408 வெற்றி, 165 தோல்வி, 15 சமன். பிறகு சிறிய கல்லூரிகளின் பிரிவில் இருந்த மினசோட்டாவின் ஜான் கலியார்டி 2003இல் அதைத் தாண்டி 489 வரை போனார். 2011 அக்டோபரில் பென் ஸ்டேட்டின் ஜோ பட்டர்னோ 409ஐத் தொட்டார். சில நாள்களிலேயே, அவருடைய முன்னாள் உதவி கோச் சிறுவர்களைப் பாலியல் வன்முறைக்கு உள்ளாக்கிய விவகாரம் வெடித்துப் பட்டர்னோ நீக்கப்பட்டார். 2012இல் கல்லூரி விளையாட்டுகளை நிர்வகிக்கும் என்சிஏஏ அவருடைய 111 வெற்றிகளை ரத்து செய்தது. 2015இல் திரும்பக் கொடுத்தது. இடைப்பட்ட காலத்தில் பெரிய கல்லூரிகளின் பிரிவில் சாதனை மறுபடி ராபின்சன் பெயருக்கு வந்து, மறுபடி போனது. ஓர் அலுவலகக் கூட்டத்தில் கூட்டவும் கழிக்கவும் முடிகிற எண்ணை வைத்து யாரையும் அளக்க எனக்கு விருப்பமில்லை.

1985இல் சிலர் இன்னொன்றும் சொன்னார்கள்: பிரையன்ட் ஆடியது பெரிய அணிகளோடு, ராபின்சன் ஆடியது சிறிய அணிகளோடு, இரண்டும் ஒன்றா? எந்தப் பள்ளியில் படிக்க வேண்டும் என்று எனக்குச் சொன்னார்கள், கோச் ஆன பிறகு யாரைச் சேர்க்கலாம், யாரோடு ஆடலாம் என்று சொன்னார்கள், அதற்குள் முடிந்ததைச் செய்தேன் என்பதுதான் ராபின்சனின் பதிலின் சாரம். அவர் வளர்ந்த பாட்டன் ரூஜில்தான் எல்எஸ்யூ என்ற பெரிய மாநிலப் பல்கலைக்கழகம் இருக்கிறது. 57 வருடத்தில் ஒருமுறைகூட அந்த அணியோடு அவர் அணி ஆடவில்லை. கிராம்ப்ளிங்கும் எல்எஸ்யூவும் முதன்முதலில் மோதியது 2023இல். 72-10 என்று எல்எஸ்யூ ஜெயித்தது.

அந்த 72-10இல்தான் உங்கள் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு விடை இருக்கிறது. 1960களில் தெற்கின் வெள்ளையர் பல்கலைக்கழகங்களில் பெரும்பாலானவை கறுப்பின வீரர்களை எடுக்கவில்லை. லூசியானாவின் சிறந்த பையன்கள் கிராம்ப்ளிங்குக்கோ சதர்னுக்கோதான் போயாக வேண்டும். 1970க்குப் பிறகு நிலைமை வேகமாக மாறியது. அந்த செப்டம்பரில் தெற்குக் கலிபோர்னியா அணி பர்மிங்காம் வந்து, கறுப்பின வீரர் சாம் கன்னிங்ஹாமின் ஓட்டத்தால் அலபாமாவை 42-21 என்று வீழ்த்தியது பலர் கண்ணைத் திறந்தது. ஆனால் அதற்கு இருபது வருடம் முன்பிருந்தே கிராம்ப்ளிங் வீரர்கள் ஞாயிறுதோறும் தொழில்முறை மைதானங்களில் அதே உண்மையைக் காட்டிக்கொண்டிருந்தார்கள். பெரிய பல்கலைக்கழகங்கள் பணம், அரங்கம், தொலைக்காட்சி எல்லாவற்றோடும் அந்தப் பையன்களின் வீட்டுக்கு வரத் தொடங்கின. நான்கு புகழ்மண்டப வீரர்களை உருவாக்கிய கல்லூரிக்கு அவர்களைப் போன்றவர்கள் வருவது குறைந்தது.

விமரிசனத்துக்கு வருகிறேன் என்றேன். 1960களின் போராட்டக் காலத்தில் ராபின்சன் வீதிக்கு வரவில்லை. இது உன் நாடு, இங்கே உழைத்தால் உயரலாம் என்றே பேசினார். 1967இல் அவருடைய கல்லூரி மாணவர்களே, படிப்பைவிடப் பந்தாட்டத்துக்கு இங்கே முக்கியத்துவம் என்று போராடினார்கள். அவர்கள் கேட்டதில் நியாயம் இருந்தது என்றே நினைக்கிறேன். ஒரு கல்லூரியின் நூலகத்தைப் பற்றி யாரும் பேசாமல் அணியைப் பற்றி மட்டும் பேசினால் மாணவருக்குக் கோபம் வரத்தான் செய்யும். அதே சமயம், ஹாரிஸையும் வில்லியம்ஸையும் குவார்ட்டர்பேக்காகவே நிறுத்திக் காட்டியது ஊர்வலத்துக்குக் குறைந்த காரியம் என்றும் நான் ஒப்புக்கொள்ள மாட்டேன்.

அவருடைய கடைசி வருடங்கள் நன்றாக முடியவில்லை. 1995இல் 5 வெற்றி, 6 தோல்வி; 1996இல் 3 வெற்றி, 8 தோல்வி. என்சிஏஏ விதிமீறல் விசாரணையும் வந்தது. 1996 முடிவில் அவரை விலகச் சொல்ல நிர்வாகம் முயன்றது. பெரிய எதிர்ப்பு கிளம்பி இன்னொரு வருடம் கொடுத்தார்கள். அதிலும் 3-8. 1997 நவம்பரில் பையூ கிளாசிக்கில் தோல்வியோடு விடைபெற்றார். இரண்டு வருடம் முன்னால் 400வது வெற்றியோடு போயிருக்கலாமே என்று எனக்கும் ஆதங்கம் உண்டு. ஆனால் 22 வயதில் பிடித்த வேலை. ஒரே வேலை, ஒரே மனைவி என்பதைத்தான் தன் உண்மையான சாதனையாக அவர் சொல்லிக்கொண்டார். 1941இல்தான் டோரிஸை மணந்தார். சாகும்வரை சேர்ந்தே இருந்தார்கள். ஓய்வு பெற்ற கொஞ்ச நாளில் அல்சைமர் நோய் அவர் நினைவுகளை எடுத்துக்கொண்டது. 2007 ஏப்ரல் 3 அன்று இறந்தார். பாட்டன் ரூஜில் மாநிலச் சட்டமன்றக் கட்டடத்தில் உடலை மக்கள் அஞ்சலிக்கு வைத்தார்கள்.

அவர் இடத்துக்கு வந்தவர் டக் வில்லியம்ஸ். 2000, 2001, 2002 என்று மூன்று வருடம் தொடர்ந்து லீக் பட்டம் வாங்கிக் கொடுத்தார். 2011இல் மறுபடி கோச்சாக வந்தவரை 2013 செப்டம்பரில் வேலையிலிருந்து நீக்கினார்கள். அடுத்த மாதம், வீரர்கள் ஓர் ஆட்டத்துக்குப் போக மறுத்துவிட்டார்கள். பூஞ்சை பிடித்த உடற்பயிற்சி அறைகள், பேருந்தில் பதினான்கு, பதினேழு மணி நேரப் பயணங்கள், மாநில அரசு வருடாவருடம் வெட்டிய நிதி. ஜாக்சன் ஸ்டேட்டுடனான அந்த ஆட்டம் நடக்கவே இல்லை. ராபின்சன் பெயரிலுள்ள மைதானம், அருங்காட்சியகம், வருடந்தோறும் சிறந்த கோச்சுக்குக் கொடுக்கும் விருதுகள் எல்லாம் இருக்கும்போதே இது நடந்தது. பெயர் வைப்பதற்கு ஆகும் செலவு குறைவு. அவர் நடத்தியதைத் தொடர்ந்து நடத்தப் பணம் வேண்டும். 2016இல் அணி எழுந்து, கறுப்பினக் கல்லூரிகளின் செலிப்ரேஷன் பவுல் போட்டியை வென்றது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அங்கே இன்னும் உயிர் இருக்கிறது.

அவருடைய பெயரை இன்னும் யார் சொல்கிறார்கள் என்று பார்த்தால், முதலில் அந்த இரண்டு குவார்ட்டர்பேக்குகள். ஹாரிஸும் வில்லியம்ஸும் சேர்ந்து கறுப்பினக் கல்லூரிக் கால்பந்துக்கென்று ஒரு புகழ்மண்டபம் தொடங்கி, 2010இல் முதல் வரிசையிலேயே தங்கள் கோச்சை அதில் சேர்த்தார்கள். 2023 பிப்ரவரி 12 அன்று நடந்த சூப்பர் பவுலில், வரலாற்றில் முதல் தடவையாக இரு அணியின் தொடக்கக் குவார்ட்டர்பேக்குகளும் கறுப்பினத்தவர்: கன்சாஸ் சிட்டியின் பேட்ரிக் மஹோம்ஸ், பிலடெல்பியாவின் ஜேலன் ஹர்ட்ஸ். இருவரும் படித்தது தென் மாநிலங்களின் பெரிய பல்கலைக்கழகங்களில். ராபின்சன் வேலையைத் தொடங்கிய காலத்தில் அவர்களை வாசலுக்குள்ளேயே விட்டிருக்க மாட்டார்கள். மறுநாள் ராபின்சனின் பிறந்தநாள்.

ஆட்டம் புரியாவிட்டாலும் பரவாயில்லை, 1988 சூப்பர் பவுலின் இரண்டாவது கால்பகுதியை மட்டும் தேடிப் பாருங்கள். முழங்காலில் அடிபட்டு எழுந்து வந்தவர் எறியும் முதல் பந்து 80 கெஜம் கடந்து டச்டவுன் ஆகிறது.